வீல்சேரில் வரும் பிள்ளையும் பாத்தியில் கைவைக்க: பள்ளித் தோட்டப் பாதை அமைப்பதற்கான முழு வழிகாட்டி

வேலூர், காட்பாடி, குடியாத்தம், அணைக்கட்டு பக்கத்துப் பள்ளிகளில் காய்கறித் தோட்டம் புதிய விஷயமில்லை. சத்துணவுக் கூடத்துக்குக் கீரையும் முருங்கையும் கொடுக்கிற தோட்டங்கள் உண்டு. வகுப்பறை வாசலில் சாய்தளமும் பல இடங்களில் வந்துவிட்டது. இரண்டுக்கும் நடுவில் கிடக்கிற நூறு அடி மண்தான் யார் கண்ணிலும் படுவதில்லை. வீல்சேரில் வரும் பிள்ளை அந்த நூறு அடியைக் கடக்க முடியாமல் வராந்தாவில் இருக்கும். மற்ற பிள்ளைகள் களை எடுப்பதையும் தண்ணீர் ஊற்றுவதையும் அங்கிருந்தே பார்க்கும்.

இந்த வழிகாட்டி அந்த நூறு அடியைப் பற்றியது. தலைமையாசிரியர், பள்ளி மேலாண்மைக் குழுவில் இருக்கும் பெற்றோர், வேலையை எடுத்துச் செய்யப்போகும் மேஸ்திரி மூவரும் சேர்ந்து உட்கார்ந்து படிக்கிற மாதிரி எழுதியிருக்கிறேன். அளவுகளை முடிந்தவரை அடிக்கணக்கிலேயே தருகிறேன்; வேலை நடக்கும் இடத்தில் அதுதான் பேச்சு.

தொடக்கம் முதல் கடைசி வரை ஒரே ஒரு கேள்வியைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். அந்தப் பிள்ளை தோட்டத்துக்குப் போய், ஒரு வேலையைத் தன் கையால் செய்துவிட்டு, வகுப்புக்குத் திரும்ப முடிகிறதா? போக மட்டும் முடிந்து, அங்கே செய்ய எதுவும் இல்லையென்றால் அது வேடிக்கை பார்க்கப் போட்ட பாதை. தசைச் சிதைவு போன்ற நிலைகளில் கையில் பலம் குறைந்த பிள்ளைகளுக்குத் தள்ளிவிட ஆள் வேண்டியிருக்கும். அப்போதும் கூடப் படிக்கிற பிள்ளை ஒன்று சிரமமில்லாமல் தள்ளுகிற மாதிரி பாதை இருக்க வேண்டும்.

இதை இரக்கத்தில் செய்கிற வேலையாக யாரும் நினைக்க வேண்டாம். மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016, அரசு நிதி பெறும் அல்லது அங்கீகாரம் பெற்ற பள்ளிகள் கட்டடத்தையும் வளாகத்தையும் எல்லோரும் அணுகும்படி வைத்திருக்க வேண்டும் என்கிறது. தோட்டமும் வளாகத்துக்குள்தான் இருக்கிறது.

1. முதலில் பிள்ளையிடம் கேளுங்கள்

மேஸ்திரியை அழைப்பதற்கு முன் அந்தப் பிள்ளையோடு பள்ளி வாசலிலிருந்து தோட்டம் வரை ஒருமுறை போங்கள். நீங்கள் தள்ள வேண்டாம். பிள்ளை தன் வேகத்தில் ஓட்டட்டும். எங்கே நிற்கிறது, எங்கே மூச்சு வாங்குகிறது, எங்கே கீழே பார்த்துத் தயங்குகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். வழியில் கழிப்பறையையும் குடிநீர்க் குழாயையும் சேர்த்துப் பாருங்கள். சக்கரம் நுழையாத கழிப்பறை உள்ள பள்ளியில், பிள்ளை காலையிலிருந்தே தண்ணீர் குடிக்காமல் இருக்கும். நம் ஊர் வெயிலில் அப்படி ஒரு பிள்ளையைத் தோட்டத்துக்கு அனுப்புவது ஆபத்து. முதுகுத்தண்டு பாதிப்புள்ள சில பிள்ளைகளுக்குச் சிறுநீர் எடுக்க நேரக்கணக்கு இருக்கும். அம்மாவிடம் கேட்டுத் தெரிந்துகொண்டு தோட்ட வேளையை அதற்கேற்ப வையுங்கள்.

வீல்சேரையும் அளந்துகொள்ளுங்கள். சக்கரத்தின் வெளி விளிம்பு முதல் மறு விளிம்பு வரை பெரும்பாலும் 2 அடி முதல் 2¼ அடி வரும். ஓட்டும்போது முழங்கை வெளியே வருவதால் 3 அடி வேண்டும். மூன்று சக்கர வண்டியில் வரும் பிள்ளையாக இருந்தால் அகலமும் நீளமும் இன்னும் கூடும், திரும்ப இடமும் கூடுதலாக வேண்டும்.

இன்னும் மூன்று அளவுகள்: பிள்ளை உட்கார்ந்த நிலையில் தரையிலிருந்து முழங்கால் உயரம், மடக்கிய முழங்கை உயரம், கையை முன்னே நீட்டினால் எட்டும் தூரம். பின்னால் பாத்தி கட்டும்போது இந்த மூன்றும் இல்லாமல் எதையும் சரியாகச் செய்ய முடியாது. வட்டார வள மையத்தின் சிறப்பாசிரியரும் இயன்முறை மருத்துவரும் பிள்ளையை ஏற்கெனவே அறிந்தவர்கள். அளக்கும் நாளில் அவர்களை அழையுங்கள்.

இந்த வகை அறிவுக்கு வேலூர் வெளியூரைப் பார்த்து நிற்க வேண்டியதில்லை. சி.எம்.சி. மருத்துவமனையின் டாக்டர் மேரி வர்கீஸ் 1954-ல் நடந்த சாலை விபத்தில் இடுப்புக்குக் கீழே செயலிழந்தார். வீல்சேரில் இருந்தபடியே அறுவை மருத்துவம் செய்தார். அமெரிக்காவில் மறுவாழ்வு மருத்துவம் படித்துத் திரும்பினார். அவர் முயற்சியில் 1966-ல் பாகாயத்தில் மறுவாழ்வு நிலையம் வந்தது. உட்கார்ந்த இடத்திலிருந்து ஒரு கை எவ்வளவு எட்டும், ஒரு சக்கரம் எவ்வளவு ஏறும் என்று அளந்து பழகியவர்கள் இந்த ஊரில் அறுபது ஆண்டுகளாக இருக்கிறார்கள்.

2. வழியைத் தேர்ந்தெடுத்தல்

குறுக்கு வழி எப்போதும் நல்ல வழியாக இருப்பதில்லை. வகுப்பறையிலிருந்து தோட்டத்துக்கு நேராகப் போனால் 80 அடி, ஆனால் நடுவில் இரண்டடி இறக்கம். மரத்தைச் சுற்றிப் போனால் 130 அடி, நிலம் கிட்டத்தட்ட சமம். சுற்றுவழியையே எடுங்கள். ஆனால் எல்லாப் பிள்ளைகளும் அதே வழியில் போகட்டும். நடக்கிறவர்களுக்கு ஒரு பாதை, வீல்சேருக்குப் பின்பக்கமாக இன்னொரு பாதை என்று பிரித்தால் அந்தப் பிள்ளை மறுபடியும் தனியாகத்தான் போகும்.

அகலம் 5 அடி வையுங்கள். 3 அடியில் வீல்சேர் போகும், அவ்வளவுதான். திரும்ப முடியாது, பக்கத்தில் யாரும் நடக்க முடியாது. 4 அடியில் ஓரளவு முடியும். 5 அடி இருந்தால் வீல்சேர் நின்ற இடத்திலேயே முழு வட்டம் திரும்பும். அதைவிட முக்கியமாக, தோழி ஒருத்தி பக்கத்தில் பேசிக்கொண்டே வரலாம். பள்ளியில் பிள்ளைகள் தோட்டத்துக்குப் போவதில் பாதி சந்தோஷம் அந்தப் பேச்சில்தான் இருக்கிறது. இடம் நெருக்கமென்றால் 4 அடியில் போட்டு, முப்பது அடிக்கு ஓரிடத்தில் 5 அடிக்கு 5 அடி விரித்துவிடுங்கள். இரண்டு வீல்சேர்கள் எதிரெதிரே கடக்க 6 அடி தேவை.

பாதை முட்டுச்சந்தாக முடியக் கூடாது. பாத்திகளைச் சுற்றி வளையமாக வந்து தொடங்கிய இடத்தில் சேர்ந்தால் மிகவும் நல்லது. முடியாவிட்டால் கடைசியில் திரும்பும் இடம் கட்டாயம்.

வழியைச் சுண்ணாம்புத் தூளில் கோடு போட்டுக் காட்டிவிட்டு, வீல்சேரை அதன்மேல் ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். வளைவுகளில் கோடு தாண்டுகிறதென்றால் இப்போதே திருத்திவிடலாம்.

மரங்களைப் பற்றியும் இந்தக் கட்டத்திலேயே முடிவெடுக்க வேண்டும். நிழல் வேண்டும், அதற்குப் புங்கன் நல்ல மரம். வேம்பும் நல்ல நிழல், ஆனால் பழம் உதிரும் நாள்களில் பாதை வழுக்கும், தினம் பெருக்க வேண்டும். நாவல், பாதாம் மரங்களுக்கு நேர் கீழே பாதையைக் கொண்டுபோக வேண்டாம். பாதாம் கொட்டை முன் சக்கரத்தில் சிக்கினால் வண்டி சட்டென்று நிற்கும், பிள்ளை முன்னால் விழும். பெரிய மரத்தின் அடியிலிருந்து குறைந்தது ஆறேழு அடி தள்ளிப் போங்கள். வேர் வளர்ந்து தளத்தைத் தூக்காமலும் இருக்கும், தோண்டும்போது மரத்துக்கும் காயம் படாது.

3. சரிவுக் கணக்கு

டியூப் லெவல் (தண்ணீர் நிரப்பி மட்டம் பார்க்கும் குழாய்) பிடித்து வகுப்பறை வராந்தாவுக்கும் தோட்டத்துக்கும் உயர வித்தியாசம் எவ்வளவு என்று பாருங்கள். கண்ணளவில் சமமாகத் தெரியும் மைதானத்தில் ஒன்றரை அடி இறக்கம் இருக்கும்.

எல்லோரும் அணுகும்படி கட்டடம் அமைப்பதற்கான நடுவண் அரசின் 2021 வழிகாட்டு நெறிமுறைகள் சாய்தளத்துக்கு 1-க்கு 12 என்ற சரிவைச் சொல்கின்றன. அதாவது ஓர் அடி உயரத்துக்குக் குறைந்தது 12 அடி நீளம். கையில் நல்ல பலமுள்ள பெரியவர் அதை ஏறுவார். பத்து வயதுப் பிள்ளை மடியில் பூவாளியை வைத்துக்கொண்டு ஏறுவது கடினம். தோட்டத்தில் இடம் இருக்கிறது, சுவர் நெருக்குவதில்லை. ஆகவே 1-க்கு 20 வையுங்கள். ஓர் அடிக்கு 20 அடி நீளம். ஒன்றரை அடி இறக்கத்தை 30 அடி நீளத்தில் கரைத்துவிட்டால் அதற்குச் சாய்தளம் என்ற பெயரே வேண்டாம், பாதையோடு பாதையாகப் போய்விடும். கைப்பிடிக் கம்பிச் செலவும் மிச்சம். நீண்டு போகும் சரிவில் முப்பது அடிக்கு ஒரு முறை 5 அடி நீளத்துக்குச் சமதளம் விடுங்கள். பிள்ளை அங்கே நின்று கை ஆற்றிக்கொள்ளும்.

வேறு வழியில்லாமல் 1-க்கு 12 வைத்தே ஆக வேண்டிய இடத்தில் இருபுறமும் கைப்பிடிக் கம்பி, இரண்டு உயரங்களில்: பெரியவர்களுக்கு 90 செ.மீ., பிள்ளைகளுக்கு 70 செ.மீ. அளவில். கம்பி பிடிக்கு அடங்கும் பருமனில், ஒன்றரை முதல் இரண்டு அங்குலத்துக்குள் இருக்கட்டும். ஏறும் முனையிலும் இறங்கும் முனையிலும் ஓரடி கூடுதலாக நீட்டி விடுங்கள்.

பக்கவாட்டுச் சரிவைப் பலர் கவனிப்பதில்லை. மழைநீர் வழிய அது வேண்டும். ஆனால் 5 அடி அகலத்துக்கு ஓர் அங்குலத்துக்குச் சற்று மேல், அவ்வளவுதான். அதைத் தாண்டினால் வண்டி பள்ளமான பக்கத்துக்கு இழுத்துக்கொண்டே போகும். பிள்ளை ஒரு கையால் மட்டும் தள்ளித் தள்ளி நேராக்க வேண்டிவரும். இருபது அடி போவதற்குள் அந்தத் தோள் ஓய்ந்துவிடும்.

4. தளத்துக்கு எதைப் போடுவது

இங்கே நிதானமாகப் பேச வேண்டும், ஏனென்றால் பணம் வீணாவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான்.

வீல்சேரின் பின் சக்கரம் பெரியது, எதையும் ஓரளவு ஏறும். சிக்கல் முன் சக்கரம். உள்ளங்கை அளவு கூட இல்லாத சக்கரங்கள் சில வண்டிகளில் இருக்கின்றன. அது இளகிய மணலில் புதையும், கொட்டிய ஜல்லியில் திரும்பிக்கொள்ளும், அரை அங்குல விளிம்பில் முட்டி நிற்கும். எந்தத் தளத்தையும் அந்தச் சிறு சக்கரத்தின் பக்கம் நின்று யோசியுங்கள். ஆற்று மணல், உதிரி ஜல்லி, புல்தரை, நடுவில் புல் வளரும் ஓட்டைக் கற்கள் நான்குக்கும் இடமில்லை. செம்மண் கிராவலை மட்டும் கொட்டி இறுக்கினால் கோடையில் நன்றாக இருக்கும். ஜூன் மாதம் தொடங்கி மாலை இடிமழை பிடித்ததும் சேறாகும். ஐப்பசி, கார்த்திகையில் பாதை இருந்த இடமே தெரியாது.

மிஞ்சுவது மூன்று வழிகள். மூன்றில் உறுதியானது கான்கிரீட் தளம். 4 அங்குலக் கனம், 1:2:4 கலவை (சிமெண்ட் ஒரு பங்கு, மணல் இரண்டு, ஜல்லி நான்கு). 100 அடி நீளம், 5 அடி அகலப் பாதைக்குச் சுமார் 30 மூட்டை சிமெண்ட், முக்கால் யூனிட் (ஒரு யூனிட் 100 கன அடி) எம்-சாண்ட் என்கிற அரைத்த மணல், ஒன்றரை யூனிட் 20 மி.மீ. ஜல்லி ஆகும். கம்பி கட்டத் தேவையில்லை, லாரி ஏறாத வரை.

செலவு குறைவானது சிமெண்ட் கலந்த கிரஷர் டஸ்ட், அதாவது கல் உடைக்கும் ஆலையில் கிடைக்கும் பாறைத் தூள். வேலூரைச் சுற்றி கிரஷர்கள் இருப்பதால் இது நமக்குக் கைக்கெட்டிய பொருள். ஒரு மூட்டை சிமெண்டுக்கு 15 கன அடி டஸ்ட், கையில் பிடித்தால் உருண்டையாக நிற்கும் அளவு ஈரம். 4 அங்குலம் இறுகும்வரை இயந்திரத்தால் அடிக்க வேண்டும். அதே 100 அடிக்கு 14 மூட்டை அளவில் முடியும். மண்ணின் நிறத்தோடு ஒத்துப்போகும், வெயிலில் கண் கூசாது. ஆனால் ஆண்டுதோறும் மழைக்குப் பிறகு பெயர்ந்த இடங்களை அடைத்துக்கொண்டே இருக்க வேண்டும். அதைச் செய்ய ஆளிருந்தால் மட்டும் இதை எடுங்கள்.

பேவர் பிளாக் பார்க்க அழகு, பள்ளிகளுக்கு நன்கொடையாகவும் எளிதில் கிடைக்கிறது. எனக்கு அதில் அவ்வளவு நம்பிக்கையில்லை. அடித்தளம் சரியில்லாவிட்டால் இரண்டு மழையில் கல் கல்லாக இறங்கும், ஒவ்வொரு கல்லின் விளிம்பும் ஒரு முட்டுக்கட்டையாகும். கற்களின் ஓரம் சரித்து வெட்டப்பட்டிருந்தால் சக்கரம் ஏறி ஏறி இறங்கி, உடம்பு முழுக்க அதிரும். மூளை முடக்குவாதமோ முதுகுத்தண்டு பாதிப்போ உள்ள சில பிள்ளைகளுக்கு அந்த அதிர்வே காலில் இழுப்பைக் கொண்டுவந்துவிடும். நன்கொடையாக வந்தால் ஓரம் சரிக்காத, தட்டையான கல்லாகக் கேட்டு வாங்குங்கள். இருபுறமும் கான்கிரீட்டில் பதித்த ஓரக்கல் கட்டாயம். பளபளப்பாக்கிய கிரானைட்டும் வழுவழுப்பான கடப்பாவும் ஈரத்தில் வழுக்கும். வெளியே போட வேண்டாம்.

5. தோண்டுவதிலிருந்து பூசுவது வரை

வேலைக்கு ஏற்ற காலம் தை முதல் பங்குனி வரை. மே விடுமுறையில் பள்ளி காலியாக இருப்பதால் அப்போது செய்யத் தோன்றும். அக்கினி நட்சத்திர வெயிலில் கான்கிரீட் மேல்பரப்பு வேகமாகக் காய்ந்து வெடிக்கும். அப்போதுதான் செய்ய முடியுமென்றால் விடியற்காலையில் போட்டு, ஒன்பது மணிக்குள் ஈரச் சாக்கால் மூடிவிடுங்கள்.

தோண்டுவதற்கு முன் குடிநீர்க் குழாய், மின்கம்பி எங்கே போகிறது என்று பள்ளியில் பழைய ஆள்களிடம் கேட்டு உறுதி செய்யுங்கள். பாதையின் அகலத்தைவிட இருபுறமும் அரை அடி கூடுதலாக, 10 அங்குல ஆழம் தோண்டுங்கள். செம்மண் என்றால் அதுவே போதும். ஏரிக்கரைப் பக்கத்துப் பள்ளிகளில் களிமண் இருக்கும். அது மழையில் உப்பி வெயிலில் பிளக்கும், ஆகவே இன்னும் ஓர் அடி எடுத்துவிட்டு கிராவல் நிரப்புங்கள். பாலாற்றங்கரை மணற்பாங்கில் ஓரம் சரியாமலிருக்க அடித்தளத்தை இன்னும் அகலமாகப் போடுங்கள். மலையடிவாரப் பள்ளிகளில் பாறை தலைகாட்டினால் அதை உடைக்க முயல வேண்டாம், வழியை ஒதுக்கிக்கொள்ளுங்கள்.

கிராவலை 3 அங்குலம் கொட்டி, தண்ணீர் தெளித்து, இறுக்கி, மறுபடி 3 அங்குலம். ஒரேயடியாக ஆறு அங்குலம் கொட்டி மேலே மட்டும் அடித்தால் கீழே பொருமலாகவே இருக்கும். சொன்ன 100 அடிக்குச் சுமார் 4 யூனிட் கிராவல். திமிசுக் கட்டையாலும் அடிக்கலாம். வாடகைக்குக் கிடைக்கும் தட்டு இயந்திரம் ஒரு நாள் வாடகைக்குள் வேலையை முடித்துவிடும், அதையே சொல்வேன்.

கான்கிரீட் போடுவதற்கு முன் இருபது அடிக்கு ஒன்றாக இரண்டு அங்குல பி.வி.சி. குழாய்த் துண்டுகளைப் பாதைக்குக் குறுக்கே அடியில் புதைத்துவிடுங்கள். சொட்டுநீர்க் குழாயும் தண்ணீர் ஹோஸும் அதன் வழியாகப் போகும். இதை விட்டால் பின்னால் ஹோஸ் பாதையின் மேல்தான் கிடக்கும், வீல்சேருக்கு அது ஒரு மேடு.

இப்போது மேஸ்திரியிடம் தெளிவாகப் பேச வேண்டிய இடம். சிமெண்ட் பால் விட்டு மழமழவென்று தேய்த்து முடிப்பதை அவர் நல்ல வேலை என்று நினைப்பார். இங்கே அது கூடாது. மணியாசுக் கட்டையால் சமன் செய்து, இறுகத் தொடங்கும் நேரத்தில் விளக்குமாற்றைப் பாதைக்குக் குறுக்கே ஒரே சீராக இழுக்கச் சொல்லுங்கள். மெல்லிய வரிகள் விழும். மழையிலும் சக்கரம் பிடிக்கும், உடம்பு அதிராது. ஆழமாகக் கட்டம் போடுவது, செக்கர் அச்சு அழுத்துவது வேண்டாம். தளம் கண்டபடி வெடிக்காமலிருக்க ஆறேழு அடிக்கு ஒரு வெட்டு விடுங்கள், அகலம் கால் அங்குலத்துக்குள். பத்து நாள் ஈரச் சாக்கு.

தளத்தின் ஓரத்தைப் பக்கத்து மண்ணோடு சமமாக முடியுங்கள். மண் மூன்று அங்குலம் கீழே நின்றால், சக்கரம் நழுவும்போது வண்டி பிள்ளையோடு சாயும். இறக்கம் தவிர்க்க முடியாத இடத்தில் 3 அங்குல உயர ஓரக்கல் வைத்து, தண்ணீர் வெளியேற இடையிடையே சந்து விடுங்கள். வராந்தாவும் பாதையும் சேரும் இடத்தில் கால் அங்குலத்துக்கு மேல் படி நிற்கக் கூடாது. வடிகால் மூடியில் கம்பிகள் பயண திசைக்குக் குறுக்காக, இடைவெளி அரை அங்குலத்துக்குள் இருக்கட்டும்.

6. தோட்டத்தின் கதவு

ஆடும் மாடும் நுழையாமலிருக்க நம் ஊரில் செய்கிற ஏற்பாடுகள் எல்லாமே வீல்சேரையும் சேர்த்துத் தடுப்பவை. குழியின் மேல் இரும்பு உருளை பதிப்பது, ஆள் மட்டும் வளைந்து நுழைகிற கம்பித் தடுப்பு, முள்வேலியில் தாண்டிப் போகிற படி. இவற்றை எடுத்துவிட்டு 3½ அடிக் கதவு ஒன்று வைத்து, தானாக மூடிக்கொள்ளும்படி எடையோ மெல்லிய ஸ்பிரிங்கோ மாட்டுங்கள். தாழ்ப்பாள் தரையிலிருந்து 3 அடி உயரத்தில், மூடிய கை முட்டியால் தட்டினாலே திறக்கும் வகையாக இருக்கட்டும். கதவுக்கு இருபுறமும் 5 அடி சமதளம் வேண்டும். சரிவில் நின்றுகொண்டு ஒரு கையால் கதவை இழுக்க எந்தப் பிள்ளையாலும் முடியாது.

7. பாத்தி: பாதை போய்ச் சேரும் இடம்

பாதை எவ்வளவு நன்றாக அமைந்தாலும் பாத்தி தரையில் இருந்தால் பிள்ளை இரண்டடி உயரத்திலிருந்து மண்ணைப் பார்க்க மட்டுமே முடியும். மண்ணைக் கைக்குக் கொண்டுவர வேண்டும்.

எளிதான வழி, ஹாலோ பிளாக்கிலோ செங்கல்லிலோ கட்டிய உயரப் பாத்தி. உயரம் ஒன்றே முக்கால் அடி. ஒரு பக்கத்திலிருந்து மட்டும் எட்டுவதானால் அகலம் 2 அடிக்குள். இருபுறமும் பாதை இருந்தால் 4 அடி. சிறு பிள்ளைகளுக்கு இதையும் குறையுங்கள், முன்பு அளந்த கை எட்டும் தூரம் இங்கே உதவும். வண்டியைப் பாத்திக்குப் பக்கவாட்டில் நிறுத்தி, உடம்பைத் திருப்பிச் செய்ய வேண்டும். சுவரின் அடியில் அரை அடி உள்ளே ஒதுக்கிக் கட்டினால் கால்வைக்கும் தட்டு உள்ளே போகும், இன்னும் நெருங்கலாம்.

ஆனால் முதுகுத்தண்டில் பலமில்லாத பிள்ளை அரைமணி நேரம் உடம்பைத் திருப்பி வைத்திருக்க முடியாது. அவர்களுக்கு மேசைப் பாத்தி வேண்டும், முழங்கால் உள்ளே போக, நேராக உட்கார்ந்து வேலை செய்ய. ஒரே ஒரு மேசைப் பாத்தியாவது எல்லாத் தோட்டத்திலும் இருக்க வேண்டும் என்பேன்.

இதில் ஒரு கணக்குச் சிக்கல் உண்டு. முழங்கால் நுழைய, தரைக்கும் தொட்டியின் அடிக்கும் நடுவில் 65 செ.மீ. இடம் விட வேண்டும். அதன் மேல் முக்கால் அடி மண். சேர்த்தால் விளிம்பு 90 செ.மீ.யைத் தொடும், பத்து வயதுப் பிள்ளைக்கு அது தோள் உயரம், கையைத் தூக்கிக்கொண்டே களை எடுக்க வேண்டிவரும். விடை, தொட்டியின் அடியைச் சாய்வாக அமைப்பது. பிள்ளை உட்காரும் ஓரத்தில் மண் ஆழம் 4 அங்குலம், எதிர்ப்பக்கம் போகப் போக 10 அங்குலம். முன்னோரத்தில் சிறுகீரை, வெந்தயக்கீரை, கொத்தமல்லி. ஆழமான பக்கத்தில் கத்திரி, மிளகாய். இப்படிச் செய்தால் முன் விளிம்பு 75 செ.மீ. அளவில் நின்றுவிடும். பிள்ளையின் மடக்கிய முழங்கைக்கு முடிந்தவரை நெருக்கமாக அது வர வேண்டும். முழங்கால் இடம் 2½ அடி அகலமும் ஒன்றரை அடி ஆழமும் இருக்கட்டும். தொட்டியின் அடியிலும் விளிம்பிலும் ஆணி, தகர முனை எதுவும் நீட்டக் கூடாது. காலில் உணர்ச்சி இல்லாத பிள்ளைக்குக் கிழித்தது தெரியாது. அந்தக் காயம் ஆற மாதக்கணக்கில் ஆகும். இதே காரணத்துக்காக வெயிலில் காய்ந்த இரும்புத் தகடு தொடையில் படுகிற மாதிரியும் வைக்காதீர்கள்.

தொட்டியில் வெறும் மண் கனக்கும். செம்மண், தொழு உரம், தென்னை நார்க்கழிவு மூன்றையும் சம பங்கு கலந்தால் எடையும் குறையும், ஈரமும் நிற்கும். இருந்தாலும் ஆழம் குறைவு என்பதால் கோடையில் காலையும் மாலையும் தண்ணீர் வேண்டும்.

எந்தச் செடி என்பதில் நம் பந்தல் கொடிகளைப் பெரிதும் பரிந்துரைக்கிறேன். பாதையின் மேல் 7 அடி உயரத்தில் பந்தல் போட்டு, புடலையும் பீர்க்கையும் ஏற்றுங்கள். காய் கீழே தொங்கி, உட்கார்ந்திருக்கும் பிள்ளையின் கைக்குத் தானே வரும். பாதைக்கு நிழலும் கிடைக்கும், கைப்பிடிக் கம்பி இருந்தால் அதுவும் சுடாது. அரைக்கீரையை வெட்ட வெட்டத் துளிர்க்கும் என்பதால் பிள்ளைக்கு ஒவ்வொரு வாரமும் ஓர் அறுவடை உண்டு. 2023-ல் புவிசார் குறியீடு பெற்ற நம் இலவம்பாடி முள்ளுக் கத்திரியையும் விட்டுவிடாதீர்கள். காம்பில் முள் இருப்பதால் பாத்தியின் உள்வரிசையில் நட்டு, பறிக்க நீளப்பிடிக் கத்தரிக்கோல் கொடுங்கள். எலுமிச்சை, தூதுவளை, காகிதப்பூ மூன்றும் பாதையோரத்தில் வேண்டாம். கிளை நீண்டு முகத்துக்கு நேராக வரும்.

8. தண்ணீரும் கருவிகளும்

குழாய் இரண்டரை முதல் மூன்றடி உயரத்தில், திருகுவதாக இல்லாமல் நெம்பு கைப்பிடியாக. அதன் கீழே தேங்கும் தண்ணீர்தான் பாதையின் முதல் எதிரி, ஆகவே வாய்க்கால் எடுத்து வாழைக்கு விட்டுவிடுங்கள். பூவாளி இரண்டு லிட்டருக்கு மேல் வேண்டாம். களைக்கொத்தும் கரண்டியும் மாட்டும் கொக்கிகள் இரண்டடிக்கும் நான்கடிக்கும் இடையில். நிழலில் ஒரு பெஞ்சு போட்டால், அதன் பக்கத்திலேயே வீல்சேர் நிற்க 3 அடிக்கு 4 அடி தளம் விடுங்கள்.

9. பணம்

முதலில் பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் தீர்மானமாக எழுதுங்கள். எந்தக் கதவைத் தட்டவும் அந்தத் தாள் வேண்டும். அரசுப் பள்ளிகளுக்கு முன்னாள் மாணவர்களும் நிறுவனங்களும் உதவ, 2022 டிசம்பரில் தொடங்கிய ‘நம்ம ஸ்கூல் நம்ம ஊரு பள்ளி’ திட்டம் இருக்கிறது. ஊராட்சி, சட்டமன்றத் தொகுதி நிதி ஆகியவற்றையும் கேட்கலாம். பணமாகத் தரத் தயங்குகிறவர்கள் பொருளாகத் தருவார்கள்: கிரஷர் வைத்திருப்பவர் ஒரு லோடு ஜல்லி, சிமெண்ட் கடைக்காரர் பத்து மூட்டை. அளவுகளை மேலே கொடுத்திருப்பது அதற்காகவும்தான். “ஏதாவது உதவி செய்யுங்கள்” என்பதைவிட “ஒன்றரை யூனிட் ஜல்லி வேண்டும்” என்று கேட்டால் பதில் சீக்கிரம் வரும்.

நிதி பாதிதான் கிடைத்தது என்றால் பாதையை 3 அடியாகக் குறைக்காதீர்கள். 5 அடி அகலத்தில் முதல் மேசைப் பாத்தி வரை மட்டும் போட்டு, மீதியை அடுத்த ஆண்டுக்கு வையுங்கள்.

10. கடைசித் தவணை கொடுக்கும் முன்

பிள்ளையை ஓட்டச் சொல்லுங்கள், வெயிலில் ஒரு நாள், தளம் நனைந்த பிறகு ஒரு நாள். பூவாளியை மடியில் வைத்துக்கொண்டு வரட்டும். கதவைத் தானே திறக்கட்டும், களை எடுக்கட்டும், தண்ணீர் ஊற்றட்டும், கழிப்பறைக்குப் போய்த் திரும்பட்டும். தடைப்பட்ட இடங்களைச் சாக்கட்டியால் வட்டமிட்டு மேஸ்திரியிடம் காட்டுங்கள். இரண்டு பக்கெட் தண்ணீரைப் பாதையில் கொட்டி, கால்மணி நேரம் கழித்து எங்கேயாவது தேங்கி நிற்கிறதா பாருங்கள். தேங்கிய இடத்தில் பாசி பிடிக்கும். இவை சரியான பிறகு கணக்கை முடியுங்கள்.

11. பராமரிப்பு

தினமும் பெருக்கும் முறையை வகுப்புவாரியாகப் பிரியுங்கள்; வீல்சேரில் வரும் பிள்ளைக்கும் அந்தப் பட்டியலில் ஒரு நாள் இருக்கட்டும். மழைக்காலத்தில் மாதம் ஒருமுறை பாசியைச் சுண்ணாம்புத் தூள் போட்டுத் தேய்த்துக் கழுவுங்கள். கார்த்திகை மழை ஓய்ந்ததும் ஓர மண் அரித்த இடங்களை நிரப்புங்கள்.

முள்ளுக்குத் தனிக் கவனம் வேண்டும். நெருஞ்சி மஞ்சளாகப் பூக்கும்போதே வேரோடு பிடுங்கிவிட வேண்டும், காய்த்து முற்றிவிட்டால் ஒரு செடியே பாதை முழுவதும் முள்ளை இறைக்கும். சீமைக்கருவேல முள்ளை வேலிக்கு வெட்டிப்போடும் வழக்கம் இருந்தால், பாதையிலிருந்து இருபது அடிக்குள் போட வேண்டாம். இந்த முள்கள் டயரைப் பஞ்சராக்குவதோடு நிற்பதில்லை. சக்கரத்தில் ஏறி, அதைத் தள்ளும் பிள்ளையின் உள்ளங்கையிலும் ஏறும். தோட்டக் கருவி அறையில் ஒரு காற்றடிக்கும் பம்பும் பஞ்சர் ஒட்டும் பொருள்களும் வைத்திருங்கள். ஊரில் சைக்கிள் கடை வைத்திருப்பவரை ஒருநாள் அழைத்து, மேல்வகுப்புப் பிள்ளைகள் நாலைந்து பேருக்கு வீல்சேர் டியூப் கழற்றி ஒட்டுவதைக் கற்றுக்கொடுக்கச் சொல்லுங்கள்.